கசக்காத கொய்னா

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் பூந்தமல்லியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். ஓர் ஐப்பசியில் எனக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பல் கிட்டிப்போகும் குளிர். பிறகு நெருப்பாகக் கொதிக்கும் உடம்பு. பிறகு பாய் நனைய வியர்வை. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் காய்ச்சல் இல்லாத வீடு குறைவு. அதற்கு இருந்த ஒரே மருந்து கொய்னா. அதுவும் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆவடியில் கூடாரம் கூடாரமாகச் சிப்பாய்கள் வந்து இறங்கியிருந்த காலம்.

எங்கள் ஊரில் ஒரு டாக்டர் சொந்தமாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தார். நல்ல மனிதர். எங்கெங்கோ அலைந்து கொஞ்சம் கொய்னா வாங்கி வைத்திருந்தார். அவரிடம் ஒரே ஒரு கம்பவுண்டர். மருந்து கலக்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சீட்டு எழுதுவது எல்லாம் அந்த ஒரு ஆள்தான். எங்களைப் போன்றவர்கள் முன் கூடத்துப் பெஞ்சியில் உட்காருவோம். சேரிகளிலிருந்து வருபவர்கள் பக்கத்துச் சந்தில் இருந்த ஜன்னலோரம் நிற்பார்கள். அவர்களுக்கு மருந்து அந்த ஜன்னல் வழியாகத்தான் போகும். அந்த நாளில் இதை யாரும் விசேஷமாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

மருந்துக்குச் சீசாவை நாமே வீட்டிலிருந்து கழுவி எடுத்துப் போக வேண்டும். டாக்டர் பார்த்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் பேரும் மருந்தும் எழுதிக் கொடுப்பார். சீட்டையும் சீசாவையும் கம்பவுண்டரிடம் தந்தால், அவர் சீசாக்களை மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் அதனதன் சீட்டைச் செருகி வைப்பார். கலவையை ஊற்றி, எத்தனை வேளைக்கு என்று படிப்படியாக வெட்டிய காகிதத்தைச் சீசாவின் முதுகில் ஒட்டி, பேரைக் கூப்பிடுவார்.

என் பேர் எங்கள் பக்கத்தில் நாலு வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிற பேர். அந்தப் பேராலேயே எனக்கு இப்படி ஒன்று நேரும் என்று நான் நினைத்ததே இல்லை.

முதல் சீசாவை ஐந்து நாள் குடித்தேன். அந்தக் கசப்பை எழுத்தில் சொல்ல முடியாது. ஒரு வேளை குடித்தால் அடுத்த வேளை வரை தொண்டையிலேயே நிற்கும். வெல்லம் தின்றால் வெல்லமும் கசக்கும். காதுக்குள் வண்டு புகுந்ததுபோல் எந்நேரமும் இரைச்சல். ஆனால் குளிர் நின்றது. "இன்னொரு சீசா முழுக்கக் குடிச்சிடுங்க வாத்தியாரே. பாதியில விட்டா திரும்ப வரும்" என்றார் டாக்டர்.

இரண்டாவது சீசா வாங்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. கூடம் நிறையக் கூட்டம், சந்தில் அதைவிடக் கூட்டம். குழந்தைகளின் அழுகை. கம்பவுண்டர் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார் என்று அவர் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் என் பேரைக் கூப்பிட்டது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. வாய் அசைவைப் பார்த்துத்தான் எழுந்தேன். அவர் நீட்டியது என் சீசாதான். வாயோரம் சில்லுப் பெயர்ந்த, விளக்கெண்ணெய் இருந்த என் வீட்டுச் சீசா. அதில் என் பேர் ஒட்டியிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் என் மனைவி சீசாவை வாங்கி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இது நெறம் வேற மாதிரி கீதே?"

"மருந்துன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

"மொதல்ல குடுத்தது தண்ணியாட்டம் இருந்திச்சி. வெயில்ல புடிச்சா ஓரமா நீலம் ஓடிச்சி. இது காவியாட்டம் கீது. நீலத்தையே காணோம்."

அவள் சொன்னது சரி. முதல் சீசாவை வெயிலில் வைத்தால் விளிம்பில் மெல்லிய நீலம் ஓடும். அதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிற எனக்கு, மருந்தைப் பற்றி என் மனைவி சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது கொஞ்சம் கௌரவக் குறைவாக இருந்தது. "கொய்னா கிடைக்கலன்னு வேற எதையோ கலந்திருப்பாங்க. அவங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

குடித்தேன். லேசான கசப்பு இருந்தது, ஆனால் அந்தக் கசப்பு இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அப்போது சந்தேகம் தட்டியது. ஆனால் சந்தேகத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. ஐந்து நாள் நரகத்துக்குப் பிறகு கசக்காத மருந்து வாய்த்தால் அதைப் போய் யார் கேள்வி கேட்பார்கள்?

மறுநாள் சாயங்காலம் வயிற்றைப் புரட்டியது. காய்ச்சலின் மிச்சம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. சுண்ணாம்பு அடித்த எங்கள் வீட்டுச் சுவர் மஞ்சளாகத் தெரிந்தது. மஞ்சள் காமாலை வந்துவிட்டதோ என்று பயந்து கண்ணாடியில் கண்ணைப் பார்த்துக்கொண்டேன். கண் வெளுப்பாகத்தான் இருந்தது. நெஞ்சில் கை வைத்தால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நெடுநேரம் காத்திருப்பதுபோல இருந்தது.

"அந்த மருந்த நிறுத்துங்க. நாளைக்கி டாக்டர கேட்டுட்டுக் குடிக்கலாம்" என்றாள் என் மனைவி.

"பாதியில விட்டா திரும்ப வரும்னு அவரே சொல்லியிருக்காரு. உனக்கு அவரவிட அதிகம் தெரியுமா?"

அவள் உள்ளே போய்விட்டாள். அன்று பிற்பகல் மருந்து வேளைக்குச் சீசாவைக் கேட்டேன். "கை தவறி சாஞ்சிப்போச்சி. எல்லாம் கொட்டிடுச்சி" என்றாள். யுத்த காலத்துக் கொய்னாவைக் கொட்டிவிட்டாளே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், எழுந்து நிற்கச் சக்தியில்லாதபோதும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

இதே மூன்று நாளில் மாங்காட்டுப் பக்கத்துச் சேரி ஒன்றில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதில் அலைந்தவரே சொல்லிக் கேட்டதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அங்கே என் பேரே உள்ள ஒருவர் இருந்தார். கூலிக்கு ஏர் ஓட்டியவர், ஐம்பது வயதிருக்கும். நெஞ்சு பலவீனம். கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்தே இருப்பவர். அவருக்கு மருந்து வாங்க அவர் மனைவிதான் இரண்டரை மைல் நடந்து வருவார். அந்த வெள்ளிக்கிழமை அவரும் ஜன்னலோரம் நின்று, தன் புருஷன் பேரைக் கூப்பிட்டதும் சீசாவை வாங்கிப் போயிருக்கிறார். அன்று சாயங்காலம் புருஷன் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பிவிட்டார்.

"இது என் மருந்து இல்ல புள்ள. இது கொய்னா. ஆவடியில மண்ணு சொமக்கசொல்ல இதத்தான் வரிசையா நிக்கவச்சி வாயில ஊத்துவானுங்க. இந்தக் கசப்ப நான் மறப்பனா?"

அந்த அம்மாள் பழைய சீசாவை எடுத்துப் பார்த்தார். அடியில் ஒரு விரற்கடை மருந்து மிச்சமிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நிறம் வேறு, வாசனை வேறு. சனிக்கிழமை களையெடுப்புக்குப் போகாமல் இரண்டு சீசாவையும் எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்கு வந்தார். டாக்டர் திருவேற்காட்டில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் ஜன்னலுக்குள்ளிருந்தே, "டாக்டரு மருந்த மாத்தியிருப்பாரு. உனக்கு இன்னா தெரியும்? போய்க் குடிக்கச் சொல்லு, போ" என்று விரட்டிவிட்டார். மத்தியானம் வரை சந்தில் நின்று பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போனார். ஞாயிறு டிஸ்பென்சரி கிடையாது. மருந்தில்லாமல் புருஷனுக்கு மூச்சு இன்னும் மோசமானது. ஆனாலும் அந்தப் புதுச் சீசா மருந்தை அந்த அம்மாள் அவர் வாயில் ஊற்றவில்லை.

திங்கட்கிழமை விடியும்போதே வந்துவிட்டார். இந்தத் தடவை ஜன்னலுக்குப் போகவில்லை. டாக்டர் சைக்கிள் எந்த வழியாக வருமோ அந்தத் தெருமுனையில் நின்றார். சைக்கிள் வந்ததும் குறுக்கே போய் நின்றுவிட்டார்.

"சாமி, திட்டுறதானா அப்பால திட்டுங்க. மொதல்ல இந்த ரெண்டு சீசாவையும் பாருங்க. இது போன வாரத்துது. இது இப்ப குடுத்தது. ரெண்டும் ஒண்ணா?"

டாக்டர் சைக்கிளை விட்டு இறங்கினார். புதுச் சீசாவை வெயிலில் தூக்கிப் பிடித்தார். ஓரத்தில் நீலம் ஓடியது. ஒரு சொட்டை நாக்கில் வைத்தார்.

"உன் புருஷன் இதை எத்தனை வேளை குடிச்சாரு?"

"ஒரு வாயி. அதுவும் துப்பிட்டாரு."

டாக்டருக்கு ஒரு கணம் மூச்சு வந்ததாம். அடுத்த கணமே முகம் மாறியதாம். "அப்போ அவர் மருந்து யார்கிட்ட இருக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே டிஸ்பென்சரிக்கு ஓடினார். அந்த அம்மாளும் பின்னால் ஓடினார். வெள்ளிக்கிழமைப் பதிவில் ஒரே பேர் இரண்டு தடவை இருந்தது. மேஜையில் சீசாக்களை நகர்த்தும்போது அடியிலிருந்த சீட்டுகள் இடம் மாறியிருக்கின்றன. இரண்டிலும் ஒரே பேர் இருந்ததால் கம்பவுண்டருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

டாக்டர் அந்த அம்மாளுக்குச் சரியான மருந்தைத் தம் கையாலேயே கலந்து கொடுத்தார். ஜன்னல் வழியாக இல்லை, முன்கூடத்துக்கே அழைத்துக் கொடுத்தார் என்று அந்த அம்மாள் பிறகு சொன்னார். உடனே டாக்டர் என் வீட்டுக்கு வந்தார்.

நான் பாயில் சுருண்டு கிடந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் எண்ணினார்.

"கண்ணுக்கு எல்லாம் மஞ்சளா தெரியுதா?"

"தெரியுது. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"சீசா எங்கே?"

"அதை இவ கொட்டிட்டா டாக்டர்" என்று நான் குற்றம் சொல்லத் தொடங்கினேன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து சீசாவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். பாதிக்கு மேல் மருந்து அப்படியே இருந்தது.

டாக்டர் காகிதப் படிகளை விரலால் எண்ணினார். பிறகு அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளையைக் கும்பிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இது நெஞ்சு மருந்து. பலவீனமான இருதயத்துக்கு நல்லது செய்யும். நல்ல இருதயத்தை நிறுத்திக்கூட விடும். இன்னும் ரெண்டு நாள் குடிச்சிருந்தா நான் என்ன சொல்றதுன்னு தெரியல. தப்பு எங்களோடது வாத்தியாரே. மன்னிச்சிடுங்க."

அவர் அன்று முழுவதும் இரண்டு மணிக்கு ஒரு தடவை வந்து நாடி பார்த்தார். புரட்டல் அடங்க மூன்று நாள் ஆயிற்று. சுவர் வெளுக்க ஐந்து நாள். நடுவில் காய்ச்சல் ஒரு தடவை திரும்பி வந்தது. அந்த நீலம் ஓடும் மருந்தையே மறுபடியும் குடித்தேன். மனைவியிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வார்த்தையை அவளிடம் சொல்லிப் பழக்கமில்லை. "நீ நல்ல பொய்க்காரி" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சிரித்த பிறகு வெகுநேரம் அழுதாள்.

எழுந்து நடமாடத் தொடங்கிய வாரம் கம்பவுண்டர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அண்ணாத்தே, ரெண்டு மாசமா ஒரு நாளு கூட லீவு இல்ல. எனக்கே காய்ச்சல் அடிச்சிகினு கீது. அத சாக்கா சொல்ல வரல. அந்தப் பொம்பள சனிக்கிழமயே வந்து சொல்லிச்சி. நான் தொரத்திட்டேன். அதான் தூக்கம் வரமாட்டேன்னுது."

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. அவரை உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தோம். நான் டாக்டரிடம் போய், அவரை வேலையை விட்டு அனுப்ப வேண்டாம், இன்னோர் ஆளைத் துணைக்கு வையுங்கள் என்று சொன்னேன். டாக்டர் அப்படியே செய்தார். அதற்குப் பிறகு எந்தச் சீசாவையும் பேரை மட்டும் கேட்டுக் கொடுப்பதில்லை. அப்பா பேர் என்ன, எந்த ஊர், என்ன நோவு என்று நோயாளியையே சொல்லவைத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். தினமும் பார்க்கிற ஆளிடமும் கேட்பார்கள். "இன்னா நைனா, நேத்துதான பார்த்த, அதுக்குள்ள மறந்துட்டியா?" என்று ஜனங்கள் சலித்துக்கொண்டார்கள். நான் அங்கே இருந்தால், "கேக்கட்டும், பொறுமையா சொல்லுங்க" என்பேன். நான் குடித்தது ஊருக்கே தெரியுமாதலால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

மாங்காட்டுக்கும் போனேன். அந்தச் சேரிக்குள் நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை. என் பேர்க்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், நான் தடுத்தேன். இரண்டு பேரும் ஒருவர் நாடியை ஒருவர் விசாரித்துக்கொண்டோம். "என் மருந்து ருசியா இருந்திச்சா சாமி?" என்று கேட்டுவிட்டு இருமலும் சிரிப்புமாகக் குலுங்கினார். நடந்து போனதில் எனக்குத் தாகம். அந்த அம்மாள் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். கேட்காமல் வந்துவிட்டேன். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கிளம்பும்போது அந்த அம்மாள் ஒன்று கேட்டார். "வாத்தியாரய்யா, இவரு நோவு இன்னா, குடிக்கிற மருந்து இன்னா, எத்தினி சொட்டுன்னு டாக்டர கேட்டு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க."

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதே அம்மா?"

"நான் படிக்கமாட்டேன். கேக்கறவங்க படிப்பாங்க இல்ல?"

டாக்டரிடம் கேட்டுத் தமிழில் ஒரு பக்கமும், அவர் கையாலேயே இங்கிலீஷில் மறுபக்கமும் எழுதி வாங்கி, கெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். மறு வருஷம் மழையில் என் பேர்க்காரருக்கு மூச்சு முட்டி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த சின்ன டாக்டர் ஊசியில் ஏதோ மருந்து ஏற்றிக்கொண்டு வந்தாராம். அந்த அம்மாள் அட்டையை நீட்டி, "இத மொதல்ல படிங்க" என்றாராம். படித்துவிட்டு அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, பெரிய டாக்டரைக் கூப்பிட்டு வந்தாராம். வீட்டில் குடித்துவந்த மருந்தும் அந்த ஊசி மருந்தும் ஒரே இனம், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து என்று பேசிக்கொண்டார்களாம். ஊசியின் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். பதினோராம் நாள் தன் காலால் நடந்து வண்டியேறி ஊர் வந்து சேர்ந்தார்.

அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் இருந்தார். ஒரு தை மாதம் அந்த அம்மாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். நெற்றி வெறுமையாக இருந்தது. என் மனைவி கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து உட்காரவைத்தாள்.

"காலயில கூழு குடிச்சாரு. மருந்து குடிச்சாரு. வெயில்ல உக்காந்துகினு இருந்தாரு. அப்டியே போயிட்டாரு" என்றார். பிறகு, "எந்த மருந்தும் மாறல வாத்தியாரய்யா. நான் பார்த்துதான் குடுத்தேன்" என்றார்.

"தெரியும்மா" என்றேன். என் மனைவி அவருக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும், அறுப்பு நடந்துகொண்டிருந்த வயலுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்.